படகு மோட்டார் சூடாகிறதா? கழற்றும் முன்பும் கழற்றிய பின்பும் நடக்கும் தவறுகள்

சூட்டு அலாரம் கத்தியதும் பெரும்பாலோர் கடைக்குப் போய் ஒரு இம்பெல்லர் (நீரை இறைக்கும் ரப்பர்ச் சக்கரம்) வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பல நேரம் அது பலிக்கவும் செய்யும். பலிக்காதபோதுதான் தொல்லை. அடுத்து தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப நீர்வழியைத் திறந்து மூடும் வால்வு), அதற்கடுத்து சென்சார், கடைசியில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் மூடிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். காசும் போகும், சூடும் தணியாது. நோய் என்னவென்று கேட்காமலே மருந்து கொடுப்பதுதான் இங்கே முதல் தவறு.

படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில் ரேடியேட்டர் கிடையாது. படகு மிதக்கும் தண்ணீரே அதைக் குளிர்விக்கிறது. புரொப்பெல்லரைத் தாங்கும் கீழ்ப்பகுதியான கியர் கேஸின் இரு பக்கமும் உள்ள சல்லடைத் துளைகள் வழியே நீர் நுழையும். அதற்கு மேலே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் அதை ஒரு குழாய் வழியாக மேலே தள்ளும். நீர் பிளாக்கையும் (இன்ஜினின் உடல்) ஹெட்டையும் (சிலிண்டரின் மூடி) சுற்றி, தெர்மோஸ்டாட்டைத் தாண்டி, புகையோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். இந்தப் பாதையில் எந்த இடத்தில் தடை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கான துப்பைப் படகே கொடுக்கும், கவனித்தால்.

எந்த வேகத்தில் சூடாகிறது என்று பார்க்காமல் விடுவது

மிக முக்கியமான கேள்வி இதுதான். மெதுவாகப் போகும்போது சூடேறி, வேகமெடுத்ததும் தணிகிறதா? இம்பெல்லரின் இதழ்கள் வளைந்தபடியே இறுகிப்போயிருக்கலாம். குறைந்த வேகத்தில் இதழ்கள் பம்ப் சுவரை அழுத்தித் தேய்த்துத்தான் நீரைத் தள்ளுகின்றன. விறைப்பு போனால் அழுத்தமும் போய்விடும். வேகம் கூடும்போது சுழற்சியே நீரை வீசித் தள்ளுவதால் பழைய இம்பெல்லரும் ஓரளவு சமாளித்துவிடும். இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல மோட்டார்களில் வேகத்தில் மட்டும் திறந்து கூடுதல் நீரை விடும் ஸ்பிரிங் வால்வு ஒன்று இருக்கும். அதன் இருக்கையில் ஒரு மணல் பருக்கை சிக்கினாலும் வால்வு மூடாது. மெதுவாக ஓடும்போது ஹெட்டுக்குப் போகவேண்டிய நீர் வழியிலேயே வெளியேறிவிடும்.

இதற்கு நேர்மாறாக, மெதுவாகப் போகும்போது சரியாக இருந்து 3,500, 4,000 ஆர்பிஎம்மில் சூடேறினால் தேவையான அளவு நீர் வரவில்லை என்று பொருள். நுழைவுத் துளைகளில் பாசியோ பிளாஸ்டிக் பையோ கொட்டலசோ இருக்கலாம். அந்த ஸ்பிரிங் வால்வு மூடியபடியே சிக்கியிருக்கலாம். உள்வழிகளில் உப்பு படிந்திருக்கலாம். கிளப்பிய சில நிமிடங்களிலேயே, எந்த வேகத்திலும் சூடானால் தெர்மோஸ்டாட் மூடியே கிடக்கிறது, அல்லது தண்ணீரே ஏறவில்லை.

திருப்பங்களிலும் அலையிலும் மட்டும் வந்து போகும் சூட்டுக்கு மோட்டாரைக் கழற்ற வேண்டாம். ட்ரிம்மை (மோட்டாரின் சாய்வு) அதிகம் தூக்கி ஓட்டினாலோ, மோட்டாரை டிரான்ஸமில் (படகின் பின்சுவர்) உயரமாக மாட்டியிருந்தாலோ நுழைவுத் துளை காற்றை உறிஞ்சும். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டைத் தகடு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓரிரு சென்டிமீட்டர் கீழாகவோ இருந்தால் நல்லது. ஆர்பிஎம், எத்தனையாவது நிமிடம், ட்ரிம் எவ்வளவு என்று மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கரைக்கு வாருங்கள்.

முள்ளை அப்படியே நம்புவது, அல்லது அலாரத்தைப் பிடுங்கிவிடுவது

கேஜ் முள் சிவப்பில் நின்றால் இன்ஜின் சூடு என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பெரும்பாலான சென்சார்களில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். அதனால் சென்சார் வயர் உரிந்து இன்ஜின் உடம்பைத் தொட்டாலும் முள் சூட்டுப் பக்கம் ஓடிவிடும். சென்சாரிலிருந்து வயரைக் கழற்றிப் பாருங்கள். முள் இறங்கினால் வயரும் கேஜும் சரி. இறங்காவிட்டால் கோளாறு வயரிலோ கேஜிலோ இருக்கிறது.

அடுத்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளக்க வேண்டும். இங்கேயும் ஒரு பிழை நடக்கும்: பளபளக்கும் அலுமினியத்தில் அடித்தால் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட் கூடு, ஹெட்டின் மேல்பகுதி, கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் குறிவையுங்கள். ஒரு சிலிண்டர் பக்கம் மட்டும் தனியாகச் சுட்டால் அங்கே உள்வழி அடைத்திருக்கிறது.

அலாரம் பொய் என்று முடிவுகட்டி வயரைப் பிடுங்கி வைப்பது இதைவிட மோசம். இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவும் சூடானால் தாமாகவே சுமார் 2,000 ஆர்பிஎம்முக்கு இறங்கிவிடும். பிஸ்டன் உருகி ஒட்டாமல் காப்பாற்றுவது அதுதான்.

நீர்த்தாரையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

மோட்டாரின் பின்புறம் மெல்லிய தாரையாகப் பீய்ச்சும் நீரைப் பார்த்து "தண்ணி நல்லா வருது, கவலை இல்லை" என்பார்கள். பல மாடல்களில் அந்தத் தாரை தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே பிரிந்து வருவது. தெர்மோஸ்டாட் இறுகி மூடியிருந்தாலும் தாரை கம்பீரமாக வரும். பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

தாரை நின்றுவிட்டால் பம்ப் செத்தது என்பதும் அவசர முடிவுதான். சில வாரம் ஓடாமல் நின்ற மோட்டாரில் அந்தச் சின்னத் துளைக்குள் மண் குளவி கூடு கட்டியிருக்கும். 2 மி.மீ. நைலான் நரம்பு ஒன்றை உள்ளே விட்டு நெருடிப் பாருங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், உள்ளிருக்கும் குழாயைக் குத்திவிடும்.

கரையில் ஹோஸ் மாட்டிச் சோதித்துவிட்டு நிம்மதியடைவது

நுழைவுத் துளைகள் மேல் ரப்பர்க் கிண்ணங்களை மாட்டி, தோட்டக் குழாயைத் திறந்து மோட்டாரை ஓட்டுகிறார்கள். சூடு ஏறுவதில்லை. தண்ணீரில் இறக்கியதும் மறுபடி அலாரம். காரணம் எளிது: குழாயின் அழுத்தமே நீரை மேலே தள்ளிவிடுகிறது, தேய்ந்த இம்பெல்லரின் குறை மறைந்துபோகிறது. உண்மையான சோதனை வேண்டுமானால் நுழைவுத் துளைகள் முழுக மோட்டாரைத் தொட்டியில் நிறுத்தி ஓட்டுங்கள், அல்லது படகுத்துறையில் கட்டிவைத்துப் பாருங்கள்.

மேல்பக்கம் தனியாக இருக்கும் கழுவும் இணைப்பில் ஹோஸைச் செருகிவிட்டு மோட்டாரைக் கிளப்புவதும் உண்டு. பல மோட்டார்களில் அந்த வழி நீர் இம்பெல்லருக்கு வராது. நீரில்லாமல் சுழலும் ரப்பர் ஒரு நிமிடத்துக்குள் கருகிவிடும். அந்த இணைப்பு, மோட்டாரை நிறுத்திவைத்துக் கழுவத்தான்.

இம்பெல்லரை மட்டும் மாற்றுவது

கழற்றியதும் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது காற்றில் கரையவில்லை. மேலே எங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது. உடைந்த துண்டுகளை மேசையில் அடுக்கி முழு வடிவம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். காணாமல் போன துண்டு குழாயின் வளைவிலோ தெர்மோஸ்டாட் கூட்டிலோ கிடைக்கும். உள்ளிணைந்த (படகுக்குள்ளேயே பொருத்திய) இன்ஜினானால் ஆயில் கூலரின் நுழைவாயிலில் தேடுங்கள். அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போடுவது வீண்.

பம்புக்குள் இருக்கும் ஸ்டீல் கிண்ணத்திலும் அடித்தட்டிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கோடுகளில் நகம் சிக்கினால் அவற்றையும் மாற்ற வேண்டும். பழவேற்காடு, முட்டுக்காடு போன்ற ஆழமற்ற கழிமுகங்களில் ஓடும் படகுகளில் மணல் இந்தத் தேய்மானத்தை விரைவாகவே உண்டாக்கும். 300 மணி நேரம் அல்லது 3 ஆண்டு என்று கையேடு சொன்னாலும், அங்கெல்லாம் ஆண்டுக்கொரு முறை திறந்து பார்ப்பதுதான் புத்தி.

மாட்டும்போது சோப்புத் தண்ணீர் தடவி, டிரைவ் ஷாஃப்ட் (இம்பெல்லரைச் சுழற்றும் தண்டு) சுழலும் திசையிலேயே ஷாஃப்டைத் திருப்பிக்கொண்டு கூட்டை இறக்குங்கள். பெரும்பாலான மோட்டார்களில் அது மேலிருந்து பார்க்கக் கடிகாரத் திசை. எதிர்த்திசையில் மடிந்த இதழ்கள் முதல் ஓட்டத்திலேயே சேதமாகலாம். இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் சின்ன அரைவட்டச் சாவி நழுவி விழாமலிருக்க ஒரு பொட்டு கிரீஸ் போதும்.

கியர் கேஸை மீண்டும் தூக்கிப் பொருத்தும்போது இன்னொரு தவறு நடக்கும். நீர்க் குழாயின் முனை ரப்பர் வளையத்துக்குள் போகாமல் பக்கத்தில் முட்டி நிற்கும். போல்ட்டுகள் என்னவோ இறுகிவிடும், பாதி நீர் வழியிலேயே கசிந்துவிடும். "இப்பதானே மாத்தினேன், மறுபடியும் சூடாகுதே" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான். டார்ச் அடித்து, குழாய் வளையத்துக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே போல்ட்டை முறுக்குங்கள்.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது

எறிந்தால் சூடு தணியலாம். ஆனால் குளிர்ந்தே ஓடும் இன்ஜினில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து, ஆயில் நீர்த்துப்போகும். காருக்கான 82 டிகிரி தெர்மோஸ்டாட்டை மாட்டுவது அடுத்த தவறு. கடல்நீர் நேரடியாகச் சுற்றும் மோட்டார்களில் பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரி வரையிலானதுதான் இருக்கும். அதற்கு மேல் போகப்போக உப்பும் சுண்ணாம்பும் உள்வழிகளில் படியும்.

சோதிக்க ஒரு பழைய பாத்திரம் போதும். தெர்மோஸ்டாட்டின் வால்வைக் கையால் திறந்து இடுக்கில் ஒரு நூலைக் கொடுத்து மூடுங்கள். அந்த நூலிலேயே தொங்கவிட்டு, அடியைத் தொடாமல் நீரில் அமிழ்த்தி, தெர்மாமீட்டர் வைத்துச் சூடேற்றுங்கள். வால்வு திறந்ததும் நூல் விடுபட்டு அது கீழே விழும். அந்த நேரத்து வெப்பநிலை, அதில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்க வேண்டும். சுமார் 10 டிகிரி கூடும்போது வால்வு முழுதாகத் திறந்திருக்க வேண்டும்.

உள்ளிணைந்த இன்ஜினில் புகைவழியை மறந்துவிடுவது

ஸ்டெர்ன்டிரைவ் (இன்ஜின் உள்ளே, புரொப்பெல்லர் பகுதி வெளியே) போன்றவற்றில் கடல்நீர் புகைக்குழாயின் ரைசரில்தான் (மேலெழுந்து வளையும் பகுதி) கடைசியாகப் புகையோடு கலக்கிறது. உப்புநீரில் ஐந்தாறு ஆண்டுகளில் துரு உள்ளே உரிந்து வழியை அடைத்துவிடும். இடது, வலது ரைசர்களின் சூட்டை அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அதைத் திறக்கலாம். உறிஞ்சும் பக்க ஹோஸின் உள்ளடுக்கு உரிந்து, வேகத்தில் மட்டும் உள்ளே இழுபட்டு மூடிக்கொள்வதும் உண்டு. வெளியே தொட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது. கடல்நீர் வடிகட்டியின் மூடி வளையம் காய்ந்திருந்தால் அது நீருக்குப் பதில் காற்றை இழுக்கும். சொறி மீன் அடைத்துக்கொள்வதும் அங்கேதான். இத்தகைய இன்ஜினில் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) இருந்தால் அதன் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். அழுத்தம் விட்டதும் கூலன்ட் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

சூடு தணிந்ததும் அப்படியே ஓட்டிப் போவது

தண்ணீரில் அலாரம் வந்தால் நியூட்ரலுக்கு வந்து, தாரையைப் பாருங்கள். வந்தால் மெதுவாக ஓடவிட்டு, சில விநாடிகள் ரிவர்ஸ் போட்டால் ஒட்டிய பாசி விலகலாம். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். சூடான ஹெட்டில் வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அது விரிசல்விடும்.

ஒருமுறை நன்றாகச் சூடேறிய இன்ஜினின் எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல் பளிச்சென்றிருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் நீர் கசிகிறது. பற்றவைப்பைத் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசமோ, ஆயில் டிப்ஸ்டிக்கில் மோர் போன்ற வெண்மையோ தெரிந்தால், ஹெட் கேஸ்கெட்டைத் திறந்து பார்க்காமல் படகை மறுபடி தண்ணீரில் இறக்காதீர்கள்.