எல்டன் ரிங்: லெவல் ஏறியும் அடி ஏறலையா?

போன மாதம், எல்டன் ரிங் என்ற வீடியோ கேம் ஆடும் சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, லெவல் 48 ஆயிட்டேன். ஆனா அந்த பாஸ் மார்கிட்டை எவ்ளோ அடிச்சாலும் ஹெல்த் இறங்கவே மாட்டேங்குது." ஸ்கிரீனைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கேலிட் என்ற பகுதி வரை குதிரையில் ஓடிப்போய், அங்கே வண்டியில் கிடக்கும் கிரேட்ஸ்வார்டை எடுத்து வந்திருந்தான். வலது கையில் அது, இடது கையில் கேடயம். அவனுடைய ஸ்டாட்கள், அதாவது திறன் எண்கள்: ஸ்ட்ரெங்த் (பலம்) 22, டெக்ஸ் (லாவகம்) 18, இன்டெலிஜென்ஸ் 15, ஃபெய்த் 14, ஆர்கேன் 14, விகர் (ஹெல்த்தைக் கூட்டுவது) 17. வாளுக்குப் பக்கத்தில், மேம்படுத்தியதைக் காட்டும் ஒரு பிளஸ் கூட இல்லை.

இந்த விளையாட்டு வந்த 2022-லிருந்து புதிதாக ஆடுபவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரே படத்தில் இருந்தன. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் தவறு, ஆயுதம் கேட்கும் அளவு ஸ்டாட் இல்லாமலேயே அதைத் தூக்குவது. கிரேட்ஸ்வார்டுக்கு ஸ்ட்ரெங்த் 31, டெக்ஸ் 12 வேண்டும். குறைந்தால் ஸ்கேலிங் (ஸ்டாட்டால் வரும் கூடுதல் டேமேஜ்) கிடைக்காது, அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். அதோடு நிற்பதில்லை. அடிப்படை டேமேஜிலேயே ஏறக்குறைய 40 சதவீதம் வெட்டு விழும். 164 இருக்க வேண்டிய வாள் 98-க்கு வந்துவிடும். ஆரம்பத்தில் கிடைக்கும் சாதாரண லாங்ஸ்வார்டே 110. மலை மாதிரி ஒரு வாளைச் சுமந்துகொண்டு, அதைவிடக் குறைவாக அடித்துக்கொண்டிருந்தான்.

இதற்கு ஒரு லெவல் கூட ஏற்றத் தேவையில்லை. கேடயத்தை விட்டுவிட்டு வாளை இரண்டு கையால் பிடித்தால் போதும். அப்படிப் பிடிக்கும்போது உங்கள் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்கில் வரும். 22 என்பது 33 ஆகும். 31 கேட்கும் வாள் முழு பலத்தோடு வேலை செய்யும். டெக்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. இரண்டு கையால் பிடித்தால் ஜோடியாக மாறும் நக ஆயுதங்கள் போன்றவற்றுக்கும் கிடையாது. ஒரு கையில்தான் பிடிப்பேன் என்பவர்கள் தாயத்துகளான டாலிஸ்மன்களைப் பார்க்கலாம். ஸ்டார்ஸ்கர்ஜ் ஹெர்லூம் ஸ்ட்ரெங்தை 5 கூட்டும். ரடகன்ஸ் சோர்சீல் விகர், எண்டியூரன்ஸ், ஸ்ட்ரெங்த், டெக்ஸ் நான்கையும் 5 கூட்டும். பதிலுக்கு நீங்கள் வாங்கும் அடியும் கூடும்.

அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. எதிரிகளைக் கொன்று கிடைக்கும் ரூன் எல்லாவற்றையும் லெவலில் போட்டுவிட்டு, ஆயுதத்தை மேம்படுத்தும் ஸ்மிதிங் ஸ்டோனை மறப்பது. சாதாரண ஆயுதம் பிளஸ் 25 வரை போகும். அதற்குள் அதன் அடிப்படை டேமேஜ் ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். கிரேட்ஸ்வார்டின் 164 அப்படியே 400-ஐத் தொடும். அதாவது ஒவ்வொரு பிளஸ்ஸுக்கும் ஒன்பது, பத்து கூடுகிறது. அதே நேரத்தில் ஸ்ட்ரெங்தை 22-லிருந்து 23 ஆக்கினால் கூடுவது ஒன்றோ ஒன்றரையோதான். எதை முதலில் செய்வது என்று இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே தெரியும். இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்டாட்டால் வரும் கூடுதல், அடிப்படை டேமேஜை வைத்துத்தான் பெருக்கப்படுகிறது. ஆயுதம் ஏற ஏற அதன் ஸ்கேலிங்கும் ஏறும். ஆகவே மேம்படுத்தாத வாளில் போடும் ஒவ்வொரு ஸ்டாட் பாயிண்டும் பாதி வீண்.

பிளஸ் 1-க்கு மிகக் கீழ்ரக ஸ்மிதிங் ஸ்டோன் 2, பிளஸ் 2-க்கு 4, பிளஸ் 3-க்கு 6. மொத்தம் 12 கல். தொடக்கப் பகுதியான லிம்கிரேவில் உள்ள சுரங்கத்துக்குள் போனால் சுவரிலேயே கற்கள் மின்னிக்கொண்டிருக்கும். அங்கே கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, எல்லே தேவாலயத்தில் இருக்கும் பட்டறைக் கல்லிலேயே பிளஸ் 3 வரை நீங்களே தட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் ரவுண்ட்டேபிள் ஹோல்டில் இருக்கும் கொல்லரிடம் போக வேண்டும்.

எழுத்துகளைப் பற்றிய குழப்பம் தனி. ஆயுதத்தில் ஸ்கேலிங்குக்கு E முதல் S (உச்சம்) வரை போட்டிருப்பதைப் பள்ளிக்கூட மார்க் மாதிரி படிக்கிறார்கள். B என்றால் D-யைவிட நல்ல ஆயுதம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண் அல்ல, அகலமான ஒரு வரம்பு. இரண்டு B-க்களுக்கு நடுவே நல்ல இடைவெளி இருக்கலாம். தவிர, அந்த எழுத்து அந்த ஆயுதத்தின் சொந்த அடிப்படை டேமேஜைத்தான் பெருக்குகிறது. 74 டேமேஜ் கொண்ட கத்திக்கும் 164 கொண்ட கிரேட்ஸ்வார்டுக்கும் ஒரே ஸ்கேலிங் என்று வைத்துக்கொண்டாலும், அதே ஸ்ட்ரெங்தில் வாளுக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டு மடங்குக்கு மேல் வரும். எழுத்தை விடுங்கள். "இத்தனை + இத்தனை" என்று ஸ்கிரீனில் இருக்கும் அந்த இரண்டு எண்களைப் பாருங்கள். உங்கள் ஸ்டாட் இந்த ஆயுதத்துக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதை இரண்டாவது எண் நேராகவே சொல்லிவிடும்.

ஸ்டாட்டைப் பரப்பி வைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஸ்ட்ரெங்தும் டெக்ஸும் ஏறக்குறைய 60 வரை நல்ல பலன் தரும். 60-லிருந்து 80 வரை மெதுவாகும். 80-க்கு மேல் கொடுப்பது மிகச் சொற்பம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை 60 நோக்கி நகர்த்துவதற்குப் பதில் ஐந்தையும் 15-இல் வைத்தால் எந்த ஆயுதமும் உங்களுக்குக் கைகொடுக்காது. ஸ்ட்ரெங்த் ஆள் என்றால் ஆயுதத்தின் ஸ்கேலிங்கை ஸ்ட்ரெங்த் பக்கம் திருப்பும் ஹெவி, டெக்ஸ் ஆள் என்றால் டெக்ஸ் பக்கம் திருப்பும் கீன். இரண்டுக்கும் ஆசைப்பட்டு குவாலிட்டி போடுபவர்கள் இரண்டு ஸ்டாட்டையும் உயரத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் லாபம் பார்ப்பார்கள். லெவல் 48-இல் அது நடக்காது. ஏற்கெனவே பரப்பிவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். ரென்னலா என்ற மந்திரக்கார பாஸை வென்றபின், லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றை அவளிடம் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றி வைக்கலாம்.

நெருப்பு, மந்திரம் என்று ஆயுதத்தில் கலப்பது பார்க்க அழகு. மொத்த எண்ணும் பெரிதாகத் தெரியும். ஆனால் 400 சாதாரண டேமேஜும், 200 சாதாரணம் 200 மந்திரம் என்று பிரிந்த 400-உம் எதிரியின் மேல் ஒன்றாக விழாது. ஒவ்வொரு வகையும் எதிரியின் தனித்தனி தற்காப்பைத் தாண்டியாக வேண்டும். அதே மந்திர வாளோடு ரென்னலா முன்னால் போனால் கையை உதற வேண்டியதுதான். மந்திரம் அவள் வீட்டுச் சொத்து. நெருப்பு அரக்கனுக்கு நெருப்பும் அப்படியே. இப்படிக் கலந்த ஆயுதத்தில் கிரீஸ் (கொஞ்ச நேரத்துக்கு ஆயுதத்துக்குப் பலம் தரும் பூச்சு) தடவவும் முடியாது. நெருப்புக்கு நடுங்கும் எதிரியாக இருந்தால் மட்டும் தாராளமாகக் கலக்கலாம்.

ஆர்கேன் ஏற்றினால் எதிரிக்கு ரத்தப்போக்கு உண்டாக்கும் எல்லா ஆயுதமும் வேகமாக ரத்தம் எடுக்கும் என்பது தப்பு. ஆர்கேன் ஸ்கேலிங் உள்ள ஆயுதத்துக்குத்தான் அது பொருந்தும். கீன் போட்ட உச்சிகட்டானா வாளில் ஆர்கேனை 14-லிருந்து 40 ஆக்கினாலும் ரத்தக் கணக்கு அசையாது.

தம்பிக்கு அன்றைக்குச் சொன்னது மூன்றுதான். கேடயத்தைக் கழற்று, 12 கல் தேடு, அடுத்து வரும் ரூனையெல்லாம் விகரில் போடு. விகர் ஆயுதத்துக்கு எதுவும் செய்யாது, சரிதான். ஆனால் கிரேட்ஸ்வார்ட் ஓங்குவதற்கே நேரம் எடுக்கும். இரண்டே அடியில் விழுகிற ஆள் அதை எத்தனை முறை ஓங்க முடியும்?

இப்போது அவன் பால்டர்ஸ் கேட் 3 என்ற வேறொரு கேம் ஆரம்பித்திருக்கிறான். நேற்று, "இங்கயும் ஒவ்வொரு பாயிண்டுக்கும் கொஞ்சம் கூடும்ல?" என்று கேட்டான். கூடாது. அங்கே ஸ்ட்ரெங்திலிருந்து 10-ஐக் கழித்து, மீதியை இரண்டால் வகுத்து, பின்னத்தை விட்டுவிடுவார்கள். 16 என்றாலும் 17 என்றாலும் அடிக்கு வருவது 3 மட்டுமே. 18 ஆனால்தான் 4. ஃபினெஸ் என்று குறித்த ஆயுதமாக இருந்தால் ஸ்ட்ரெங்த், டெக்ஸ் இரண்டில் எது பெரிதோ அதையே எடுத்துக்கொள்ளும், இரண்டையும் வளர்க்க வேண்டியதில்லை. 17-இல் தொடங்குவது தப்பா என்றால், இல்லை. நான்காம் லெவலில் வரும் ஃபீட் என்ற சிறப்புத் தேர்விலோ ஆன்ட்டி எத்தல் என்ற சூனியக்காரியின் தலைமுடியிலோ மீதி ஒரு பாயிண்டை எடுக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.