ரோட்டரி எஞ்சின் விமானத்திற்குப் புகைக்குழாய் அமைத்தல்

அமெரிக்காவில் தம் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டுவோரில் சிலர், மஸ்தா கார்களில் வந்த 13பி ரோட்டரி எஞ்சினைத் தேர்ந்தெடுக்கின்றனர். பிஸ்டன்களுக்குப் பதிலாக இரு முக்கோணச் சுழலிகள் இதில் சுழல்கின்றன. அதன் புகைக்குழாயைக் காருக்குச் செய்வதுபோல் செய்துவிடக் கூடாது. இந்த எஞ்சினில் வெளியேற்று வால்வு கிடையாது. சுழலி நகர்ந்ததும் வெளியேற்றுத் துளை சட்டெனத் திறக்க, நீண்டு ஒடுங்கிய எரியறையில் இன்னும் எரிந்து முடியாத வாயு அப்படியே குழாய்க்குள் பாய்கிறது. அதிக ஆற்றலில் இயங்கும்போது அதன் வெப்பநிலை 900 பாகை செல்சியஸைத் தாண்டுவது இயல்பு. எஞ்சின் தண்டு நிமிடத்திற்கு 6,000 முறை சுழன்றால், ஒவ்வொரு துளையிலிருந்தும் நொடிக்கு 100 முறை வாயு குழாயில் மோதும். கார் இந்த நிலையில் சில நொடிகளே ஓடும். விமானமோ மணிக்கணக்கில் பறக்கும்.

ஆகவே சாதாரண எஃகுக் குழாயை வாங்கவே வேண்டாம். 304 வகைத் துருவேறா எஃகு எளிதில் கிடைத்தாலும், டைட்டானியம் சேர்த்த 321 வகையே வெல்டிங் ஓரங்களில் நெடுநாள் தாங்கும். பணம் இடம் கொடுத்தால், துளையை ஒட்டிய முதற்பகுதிக்கு இன்கோனல் 625 என்ற நிக்கல் கலப்புலோகம் இன்னும் நல்லது. பற்றவைக்கும்போது குழாயின் உட்புறமும் ஆர்கான் வாயுவால் நிரம்பியிருக்க வேண்டும். இல்லையேல் உள்ளே கருகிப் பொரிந்த விளிம்பிலிருந்தே விரிசல் தொடங்கும்.

பலரும் இடறுவது விரிவாக்கத்தில்தான். ஒரு மீட்டர் நீளக் குழாய் இந்தச் சூட்டில் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் நீள்கிறது. அதன் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையை விமான உடலிலும் இறுக்கிவிட்டால், நீள இடமின்றி வெல்டிங்கையோ விளிம்புத் தட்டையோ அது பிளந்துவிடும். எனவே குழாயின் முழு எடையையும் எஞ்சினோடு அசையும் தாங்கிகளே சுமக்கட்டும். ஒன்றினுள் ஒன்று நகரும் இணைப்பு ஒன்றையேனும் இடையில் வையுங்கள். சைலன்சரின் உட்தகடுகளே முதலில் உடைபவை என்பதால், அவை பெயர்ந்து வாயிலை அடைத்துவிடாத வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். வாயில் அடைபட்டால் எஞ்சின் ஆற்றலை இழக்கும்.

குழாயின்மேல் வெப்பநாடா சுற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: அது உலோகத்தை மேலும் சூடாக்குவதோடு விரிசலையும் கண்ணுக்கு மறைக்கிறது. மாறாக, சிறு காற்று இடைவெளி விட்டு மெல்லிய துருவேறா எஃகுத் தகட்டை மறைப்பாகப் பொருத்தி, எரிபொருள் குழாய்களுக்குத் தீத்தாங்கும் உறை போட்டு, அவற்றை எதிர்ப்பக்கமாகக் கொண்டுசெல்லுங்கள். விமானி அறையைச் சூடாக்கப் புகைக்குழாயை நாடவும் தேவையில்லை. இது நீரால் குளிரும் எஞ்சின் என்பதால் அந்த வெந்நீரே போதும், கார்பன் மோனாக்சைடு உள்ளே கசியும் ஒரு வழியும் அடைபடும்.

இரு சுழலிகளிலிருந்தும் வரும் இரு குழாய்களிலும், உயர் வெப்பத்தை அளக்கும் கே வகை வெப்ப உணரி வையுங்கள். ஒரு குழாயின் அளவு மட்டும் திடீரென உயர்ந்தால், அந்தச் சுழலியின் இரு தீப்பொறிச் செருகிகளில் ஒன்று செயலிழந்து எரிதல் தாமதப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். தொடக்கப் பறத்தல்கள் ஒவ்வொன்றின் பின்னும் எஞ்சின் உறையைக் கழற்றி, குழாய் ஆறியதும் எல்லா வெல்டிங்குகளையும் விளக்கொளியில் சோதியுங்கள். எஞ்சினை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று உறைக்குள் சூடு மேலேறும். அப்போது மேல்மூடியைத் திறந்து வைத்தால் மின்கம்பிகளும் ரப்பர்க் குழாய்களும் பிழைக்கும்.