சீன அரசியல் சிந்தனையில் ஜனநாயகம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மக்களே முதன்மை, அடுத்து மண், தானியத் தெய்வங்களின் பலிபீடங்கள், அரசன் கடைசி." கன்பூசிய மரபின் பழஞ்சீனச் சிந்தனையாளர் மென்சியஸின் பெயரிலுள்ள நூலின் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே சீனாவில் ஜனநாயகச் சிந்தனை இருந்தது என்று எழுதிவிடுகிறார்கள். அதிகம் நடக்கும் தவறு இதுதான். மேற்கோளோடு நிற்காதீர்கள், அந்த நூலில் முடிவெடுப்பது யார் என்று பாருங்கள்.

சி நாட்டு மன்னன் ஷுவான் அமைச்சர்களைப் பற்றி மென்சியஸிடம் கேட்கும் இடத்தையே எடுத்துக்கொள்ளலாம். அரசன் பெரும்பிழை செய்தால் அரச குலத்து அமைச்சர்கள் இடித்துரைப்பார்கள். பலமுறை சொல்லியும் கேளாவிட்டால் அவனை இறக்கிவிட்டு வேறொருவரை அமர்த்துவார்கள் என்கிறார் மென்சியஸ். மன்னனின் முகம் மாறிவிடுகிறது. வேற்றுக் குலத்து அமைச்சரோ, சொல்லியும் பலனில்லை என்றால் விலகிப்போவார். குடிமக்கள் இதில் எங்குமே வருவதில்லை. ஆட்சி அவர்களுக்காக நடக்கிறது; அவர்களால் நடப்பதில்லை.

அதற்காக, இதெல்லாம் வெறும் அலங்காரப் பேச்சு என்று தள்ளுவதும் பிழை. மிங் வம்சத்தை நிறுவிய ஜூ யுவான்ஜாங் 1380இல் முதலமைச்சர் பதவியையே ஒழித்தவர். 1394இல் மென்சியஸ் நூலிலிருந்து 85 பகுதிகளை நீக்கவைத்தார். அந்த வரிகள் உறுத்தியதால்தானே வெட்டினார்!

சீன அறிஞர் ஹுவாங் ஸோங்ஷி 1660களில் எழுதியது இன்னும் கூர்மையானது. முதலமைச்சர் பதவி திரும்ப வேண்டும். மாதத்தின் முதல் நாளன்று பேரரசர் உயர்கல்விக் கழகத்துக்குப் போய் மாணவர் வரிசையில் உட்கார வேண்டும். அதன் தலைவர் தெற்கு நோக்கி அமர்ந்து, ஆட்சியின் குறைகளை ஒளிக்காமல் சொல்வார். தெற்கு நோக்கி அமர்வது அரசனுக்குரிய இருக்கை முறை என்பதை அறிந்தால்தான் இதன் துணிச்சல் புரியும். மக்களின் இறையாண்மையை வலியுறுத்திய ஐரோப்பியச் சிந்தனையாளர் ரூஸோவோடு ஒப்பிட்டு, இவரைச் 'சீனாவின் ரூஸோ' என்று அழைப்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். இவர் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தச் சொன்னது கற்றோரிடம். வாக்குரிமை பற்றிப் பேசவில்லை.

ஒப்பிடும்போது காலத்தையும் கவனியுங்கள். மென்சியஸுக்கு இணையாக அரிஸ்டாட்டிலை வையுங்கள், இன்றைய நாடாளுமன்றத்தை அல்ல. சுவிட்சர்லாந்தில் பெண்கள் தேசிய அளவில் வாக்குரிமை பெற்றதே 1971இல்தான். கன்பூசியஸ் மட்டுமே சீனா என்றும் எண்ணிவிடக்கூடாது. சட்டத்தையும் தண்டனையையும் முன்வைத்த ஹான் ஃபெய் பேரரசு நிர்வாகத்தில் ஆழமாகப் பதிந்தவர்.

கன்பூசிய மரபும் தேர்தலும் ஒத்துப்போகாது என்ற வாதம் தென்கொரியாவின் 1987 தேர்தலோடும், தைவானின் 1996 நேரடி அதிபர் தேர்தலோடும் ஆட்டம் கண்டது. பழைய அரசுத் தேர்வு, கண்காணிப்பு அதிகாரிகள் ஆகிய மரபுகளிலிருந்து சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சுன் யாட்-சென் வகுத்த இரண்டு தனி அவைகள் தைவான் அரசமைப்பில் இடம்பெற்றன. மரபுக்கும் ஜனநாயகத்துக்கும் தொடர்பு உண்டு என்று எழுதுபவர் இப்படி ஒரு நிறுவனத்தைக் காட்டி எழுதட்டும்.