ஃபோர்க்லிஃப்டைக் கிரேனில் தூக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் இறக்கப் போயிருந்தோம். "வெயிட் எவ்வளவு தம்பி?" என்று ஹைட்ரா கிரேன் ஆபரேட்டர் கேட்டார். புதிதாகச் சேர்ந்த பையன் வண்டியின் பக்கவாட்டைப் பார்த்துவிட்டு, "மூணு டன்னுண்ணே" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன் நான் சொன்ன அதே பதில்.

ஹெல்மெட், சுமைக்கு அடியில் நிற்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுங்கள்.

எழுதியிருக்கும் டன்னை எடை என்று நம்புவது

3 டன் என்பது அந்த வண்டி தூக்கும் அளவு. அவ்வளவு தூக்கினாலும் முன்பக்கம் கவிழாதபடி பின்னால் பெரிய இரும்புப் பாளமாகக் கவுண்டர்வெயிட் இருக்கிறது. அதனால் காலி வண்டியே நாலு, நாலரை டன் வரும்.

நான் அந்தப் பதிலைச் சொன்ன அன்று குன்னூரில் லாரி ரோட்டில் நின்றது. இறக்க வேண்டிய இடம் தடுப்புச்சுவருக்குக் கீழே. ஹைட்ராவில் 14 டன் என்று எழுதியிருந்தது. பதினாலுக்கு மூன்று எம்மாத்திரம் என்று நினைத்தேன். அந்தப் பதினாலும் பூம், அதாவது கிரேனின் நீளும் கை, உள்ளே இருந்து, சுமை கிரேனை ஒட்டி இருக்கும்போதுதான். பூமை நீட்ட நீட்டக் குறைந்துகொண்டே போகும். கடைசியில் கால்வாசிகூட மிஞ்சாது. சுவரைத் தாண்டிப் பூம் நீண்டதும் ஹைட்ராவின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஆபரேட்டர் பதறிச் சுமையை இறக்க, ஃபோர்க்லிஃப்ட் சுவரில் மோதி, சரக்கை ஏற்றி இறக்கும் முன்பக்கத் தூணான மாஸ்ட் வளைந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் புது மாஸ்ட் வரும்வரை அந்த ஃபேக்டரி ஆட்கள் டீத்தூள் மூட்டைகளை முதுகில் சுமந்தார்கள். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

எடை வண்டியிலுள்ள தகட்டிலேயே இருக்கிறது. பேட்டரி வண்டி என்றால் பேட்டரி எடை தனியாகப் போட்டிருக்கும். அது மட்டுமே ஒரு டன்னைத் தொடலாம், கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்லிங் (சுமையைக் கட்டித் தூக்கும் பெல்ட் அல்லது கயிறு), ஷேக்கில் (அதை மாட்டும் இரும்பு வளையம்), கொக்கி எடையும் சேரும். அப்புறம், எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட்டில் தூரம் பார்க்கும்போது தூக்கும் இடத்தை மட்டும் அளக்காதீர்கள். இறக்கும் இடம் இன்னும் தள்ளி இருக்கும். மலையில் பெரும்பாலும் அப்படித்தான். கோத்தகிரியில் அந்தப் பையனைத் தகட்டைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். நாலரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஆபரேட்டர் ஒன்றும் பேசாமல் ஹைட்ராவை இன்னும் நெருக்கி நிறுத்தினார்.

மேல்கூண்டில் பெல்ட் மாட்டுவது

அந்தக் கூண்டு, மேலிருந்து விழும் சரக்கிலிருந்து டிரைவரின் தலையைக் காப்பதற்கு. வண்டியின் எடையைத் தாங்காது. மாஸ்டின் உச்சியில் இரண்டு பக்கமும், பின்னால் கவுண்டர்வெயிட்டிலும் தூக்குமிடம் உண்டு; கொக்கிப் படம் ஒட்டியிருக்கும். கனமெல்லாம் பின்பக்கம் என்பதால் முன் ஸ்லிங்கும் பின் ஸ்லிங்கும் ஒரே நீளத்தில் வராது. பத்து சென்டிமீட்டர் தூக்கி நிறுத்திப் பாருங்கள். சாய்ந்தால் இறக்கி மாற்றுங்கள்.

ஸ்லிங்கை அகலமாக விரிப்பது

இரண்டு கால் ஸ்லிங் கிடைமட்டத்துக்கு 30 டிகிரி வரை படுத்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழு எடையும் விழும். 60-க்குக் குறையாமல் வையுங்கள்.

மழைக்குப் பிறகு தடுப்புச்சுவர் ஓரம்

ஐப்பசி, கார்த்திகையில் கிரேனை அங்கே நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

மேகம் இறங்கிவிட்டால்

சிக்னல் காட்டும் கை ஆபரேட்டருக்குத் தெரியும்வரை காத்திருங்கள்.