மார்க்டவுனில் பொருளடக்கக் குறி: எல்லா வடிவத்தையும் ஏற்க வைப்பது

மார்க்டவுன் என்பது எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை. அதன் பொது வரையறையான காமன்மார்க் விதிகளில் பொருளடக்கத்துக்கென்று எந்தக் குறியும் கிடையாது. அதனால் ஒவ்வொரு கருவியும் தன் வழியில் போய்விட்டது. மார்க்டவுனை வலைப்பக்கமாக மாற்றும் பைதான் நிரலகமான பைதான்-மார்க்டவுன், அதன் பொருளடக்க நீட்டிப்பைச் சேர்த்திருந்தால், ஒற்றைச் சதுர அடைப்புக்குள் டிஓசி (பொருளடக்கம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம், ஆங்கிலப் பெரிய எழுத்தில்) என்று எழுதினால் ஏற்கும். கிட்லேபிலும் அஷ்யூர் டெவ்ஆப்ஸ் விக்கியிலும் எழுதியவர்கள் இரட்டைச் சதுர அடைப்பு போட்டு, டிஓசிக்கு இருபுறமும் அடிக்கோடு வைத்திருப்பார்கள். அந்தக் கோப்புகளைப் பைதான்-மார்க்டவுனுக்குக் கொண்டுவந்தால் பொருளடக்கம் வராது, அடைப்புக்குறிதான் பல்லிளிக்கும்.

எந்தக் குறியைத் தேட வேண்டும் என்று சொல்லும் 'மார்க்கர்' அமைப்பை மாற்றினால் போதுமே என்று தோன்றும். போதாது. பொருளடக்க நீட்டிப்பு குறியைத் தேடும் நேரத்துக்குள் அடிக்கோடுகள் சாய்வெழுத்தாக மாறியிருக்கும், குறி அகப்படாது. மாறாக ஒரு சின்ன முன்செயலி (மற்ற மாற்றங்களுக்கு முன்பே மூல வரிகளைத் திருத்தும் நிரல்) எழுதுங்கள். வரியில் அந்தக் குறி மட்டும் தனியாக இருந்தால், அதை வழக்கமான ஒற்றை அடைப்பு வடிவத்துக்கு மாற்றட்டும், அவ்வளவுதான். அதன் முன்னுரிமை எண் 25-க்குக் கீழே, 15 என்பதுபோல், இருக்கட்டும்; பெரிய எண் உள்ளதே முதலில் ஓடும். வேலியிட்ட நிரல்பகுதிகளை (மேலும் கீழும் மூன்று பின்சாய்வு மேற்கோள்குறி போன்ற வரிகளுக்குள் இருப்பவை) எடுத்து ஒதுக்கும் நீட்டிப்பு 25-இல் ஓடுகிறது. அதற்கு முன்னால் ஓடினால், உதாரணத்துக்காகக் காட்டிய குறியையும் மாற்றிவிடும். நான்கு இடைவெளி தள்ளி எழுதிய வரிகளும் நிரல்பகுதிதான், அவற்றையும் தொடாதீர்கள்.

அப்புறம், தமிழ்த் தலைப்புகள். இயல்பான அமைப்பில் தமிழெழுத்து முழுக்கக் கழிந்து, பொருளடக்கத்திலிருந்து தலைப்புக்குப் போகும் இணைப்பு முகவரி வெறும் அடிக்கோடும் எண்ணுமாகிவிடும். தலைப்பிலிருந்து அந்த முகவரியை (ஸ்லக்) உருவாக்கும் யூனிகோட் ஸ்லக் செயற்கூறு ஓரளவு உதவும், ஆனால் அதுவும் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் உதிர்த்து, 'தமிழ்' என்பதை 'தமழ' ஆக்கும். சொந்தமாக ஒன்று எழுதிக் கொடுப்பதே மேல்.