ரோட்டோரத் தோட்டத்து மண்ணைச் சோதிப்பது எப்படி?

சேலத்தில் ஓமலூர் ரோட்டை ஒட்டி வீடு, வாசலில் ஒரு கீரைப் பாத்தி என்று இருந்தால், வண்டிகளால் ஈயம் போன்ற உலோகங்கள் அந்த மண்ணில் சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோலைத்தான் 2000-லேயே நாடு முழுக்க நிறுத்திவிட்டார்களே என்று கேட்கலாம், சரிதான், ஆனால் அதற்கு முன்னால் விழுந்த ஈயம் மட்கிப் போகிற சங்கதி இல்லை, மேல்மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். போதாததற்கு டயர் தேய்ந்தால் துத்தநாகம், பிரேக் தேய்ந்தால் செம்பும் ஆன்டிமணியும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறோமே, அந்தத் தூளெல்லாம் ரோட்டோரத்தில்தான் படிகிறது.

மண் எடுக்க பிளாஸ்டிக் கரண்டி போதும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் செய்தது வேண்டாம், அதன் துத்தநாகமே கணக்கில் ஏறிவிடும். எவர்சில்வரிலும் குரோமியம், நிக்கல் உண்டு. ரோட்டு விளிம்பிலிருந்து 1, 5, 10, 30 மீட்டர் என்று தள்ளிப் போய், ஒவ்வொரு தூரத்திலும் ஐந்தாறு இடத்தில் மேல் 5 செ.மீ. மண்ணை மட்டும் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. பிளாஸ்டிக் சல்லடையில் சலித்து, அரைக் கிலோவைப் புதுக் கவரில் போட்டுத் தூரத்தை எழுதி வையுங்கள்.

சேலத்துக்காரர்கள் கோட்டை விடுகிற இடம் அடுத்தது. நம் ஊர் வெள்ளைக்கல் மலைப் பாறையிலேயே குரோமியமும் நிக்கலும் அதிகம். ரோட்டோர மண்ணில் குரோமியம் எகிறியதைப் பார்த்து லாரிக்காரரைத் திட்டக் கூடாது! அதனால் ரோட்டிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் உள்ளே, அதே நிற மண்ணில், ஒரு சாம்பிள் கட்டாயம் எடுங்கள். ரோட்டை நெருங்க நெருங்க ஏறுகிற ஈயம், துத்தநாகம், செம்பு பெரும்பாலும் வண்டிக் கணக்கு; எங்கே எடுத்தாலும் ஒரே அளவில் நிற்கிற நிக்கல் பாறைக் கணக்கு.

மண்வள அட்டைக்கான சோதனையை நம்பி உட்காராதீர்கள், அதன் 12 அளவுகளில் ஈயமும் காட்மியமும் இல்லை. உலோகங்களை நுணுக்கமாக அளக்கும் ஐ.சி.பி. கருவி உள்ள லேபில், இந்த உலோகங்களின் 'மொத்த அளவு' என்று சொல்லிக் கேளுங்கள்.

ரிசல்ட் வரும்வரை கீரையையும் முள்ளங்கியையும் வீட்டுக்குப் பின்பக்கம் மாற்றிவிடுங்கள். ரோட்டுப் பக்கம் தக்காளி, கத்தரி வைக்கலாம், காய்க்குள் ஈயம் அவ்வளவாக ஏறாது. மேலே படிகிற தூசி வேறு விஷயம், அதை நன்றாகக் கழுவ வேண்டும். அப்புறம், குழந்தைகள் அங்கே மண்ணில் விளையாடினால் கை கழுவாமல் சாப்பிட விடாதீர்கள்.