நெட்வேர்க் கண்காணிப்புத் திரையைப் பார்க்கும்போது விடுகிற பிழைகள்

சாபிக்ஸ், நாகியோஸ், லிப்ரெஎன்எம்எஸ், பிஆர்டிஜி என்று எந்தக் கண்காணிப்பு மென்பொருளை நிறுவினாலும் முதலில் கண்ணில் படுவது நிறம்தான். பச்சை, மஞ்சள், சிவப்பு, சாம்பல். ஒரு நேரத்தில், ஓரிடத்தில் இருந்து, மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது. அதற்குக் கிடைத்த கடைசிப் பதிலைத்தான் அந்த நிறம் காட்டுகிறது. என்ன கேள்வி, எப்போது கேட்டது, எங்கிருந்து கேட்டது என்ற மூன்றையும் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்ப்பதில் இருந்துதான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன.

யாழ்ப்பாண நகரில் தலைமை அலுவலகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறையில் கிளைகள் என்று ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். உபகரணங்களைச் சேர்க்கிற அன்று எல்லாவற்றுக்கும் பிங் சோதனை போட்டு, திரை முழுக்கப் பச்சையாக வந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். பிங் என்பது படலையில் நின்று கூப்பிடுவது மாதிரி. உள்ளே இருந்து 'ஓம்' என்று சத்தம் வந்தால் ஆள் வீட்டில் இருக்கிறார் என்று தெரியும், காய்ச்சலோடு படுத்திருக்கிறாரா என்று தெரியாது. டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுபோன சேர்வர்கூட பிங்குக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும். பருத்தித்துறையில் இருந்து "தம்பி, சிஸ்டம் வேலை செய்யேல்லை" என்று போன் வர, "இங்க பச்சையாத்தானே காட்டுது அண்ணை" என்று இங்கிருந்து பதில் போவது இப்படித்தான். கிளையில் இருப்பவருக்கு எந்தச் சேவை தேவையோ அதையே சோதிக்க வேண்டும்: இணையப் பக்கம் திறக்கிறதா, டேட்டாபேஸ் போர்ட் பதில் தருகிறதா, டிஎன்எஸ் (இணையப் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தருகிற சேவை) வேலை செய்கிறதா. மறுபக்கமும் உண்டு. ஃபயர்வோல் பிங்கைத் தடுத்து வைத்திருக்கிற விண்டோஸ் கணினி, நன்றாக ஓடிக்கொண்டே சிவப்பில் நிற்கும்.

சாம்பலையும் நீலத்தையும் ஆட்கள் கண்டுகொள்வதே இல்லை. பிஆர்டிஜியில் நீலம் என்றால் கண்காணிப்பு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. யாரோ ஒருவர் சுவிட்ச் மாற்றிய அன்று நிறுத்தியது அப்படியே கிடக்கும். சாம்பல் என்றால் தகவல் இல்லை. கருவிகளிடம் நிலையைக் கேட்டு வாங்குகிற முறையான எஸ்என்எம்பியின் கடவுச்சொல்லைக் கருவியில் மாற்றிவிட்டு மென்பொருளில் மாற்ற மறந்தாலும் தகவல் வராது. சில நேரம் இதைவிட மோசமாகத் தகவல் சேகரிக்கிற பகுதியே நின்றுபோயிருக்கும். திரையோ கடைசியாகக் கிடைத்த பச்சையைக் காட்டிக்கொண்டு இருக்கும். ஆகவே நிறத்துக்குப் பக்கத்தில் 'கடைசியாகச் சோதித்த நேரம்' என்ற பத்தியைத் திரையில் கட்டாயம் வைத்திருங்கள். சாபிக்ஸில் குறிப்பிட்ட நேரத்துக்குத் தகவலே வராவிட்டால் எச்சரிக்கிற மாதிரி 'நோடேட்டா' விதி ஒன்றும் எழுதலாம்.

சரி, சிவப்புக்கு வருவோம். சாவகச்சேரிக் கிளையின் ரவுட்டர் விழுகிறது. அதற்குப் பின்னால் இருக்கிற சுவிட்ச், கமரா, பிரிண்டர், வைஃபை எல்லாம் ஒரேயடியாகச் சிவப்பாகின்றன. போனுக்கு இருபது முப்பது எச்சரிக்கைகள் வந்து விழும். அவற்றில் முதலில் கண்ணில் பட்ட பிரிண்டரைப் பற்றிக் கிளைக்குப் போன் எடுப்பது வீண் வேலை. உபகரணம் செத்ததா, அதற்குப் போகிற பாதை செத்ததா என்று மென்பொருள் பிரித்தறிய வேண்டுமென்றால், எது எதன் பின்னால் இருக்கிறது என்பதை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாகியோஸில் ஒவ்வொரு கருவிக்கும் 'பேரன்ட்' (அதற்கு முன்னால் இருக்கிற கருவி) எது என்று குறிப்பிட்டால், விழுந்த ரவுட்டரை 'டவுன்' என்றும், பின்னால் இருப்பவற்றை 'அன்ரீச்சபிள்' (எட்ட முடியவில்லை) என்றும் தனித்தனியாகக் காட்டும். மற்ற மூன்றிலும் சார்புநிலை அமைப்புகள் இருக்கின்றன. ஓர் அரைநாள் இருந்து இதைச் செய்யலாம். ஆனால் பத்து எச்சரிக்கை விதி எழுதுபவர்கள்கூட இதைத் தொடுவதில்லை. எனக்கு இது புரிவதேயில்லை.

கண்காணிக்கிற சேர்வர் எங்கே இருக்கிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். சேர்வர் கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்தைப் பார்க்கிறது என்றால், நடுவில் உள்ள ஒரு இணைப்பு அறுந்தாலும் குடாநாடு முழுக்கச் சிவப்பு. இங்கே அலுவலகத்துக்குள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அதற்காக ஒவ்வொரு முக்கிய இடத்திலும் சாபிக்ஸ் புரொக்ஸி மாதிரி ஒரு சிறு சேகரிப்பான் வைத்தால், இணைப்பு இல்லாத நேரத்துத் தகவலையும் சேமித்து வைத்திருந்து பிறகு அனுப்பும்.

நமது ஊரில் அடுத்த கேள்வி எப்போதும் கரண்ட் பற்றியது. கிளை விழுந்து இருபது நிமிடத்தில் எழும்பிவிட்டது. கரண்ட் போனதா, லைன் போனதா? இப்போதைய நிலையைப் பார்த்தால் பச்சை, ஒன்றும் தெரியாது. பதில் நிகழ்வுப் பட்டியலிலும், உபகரணம் எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணிலும் இருக்கிறது. எழும்பிய பிறகு அந்த எண் பூச்சியத்தில் இருந்து தொடங்கியிருந்தால் உபகரணம் நின்று மீண்டும் ஓடியிருக்கிறது: மின்சாரம், அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. பழைய எண்ணே தொடர்ந்தால் கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது, லைன்தான் போயிருக்கிறது. இணைப்பு கொடுத்த கொம்பனியோடு வாதாடப் போகுமுன் இதைப் பார்த்துவிட்டுப் போனால் மரியாதை மிஞ்சும். ஒரு எச்சரிக்கை: எஸ்என்எம்பியின் இந்த எண் செக்கனின் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்ட 32 பிட் கணக்கு. சுமார் 497 நாளில் நிரம்பி மீண்டும் பூச்சியத்துக்கு வந்துவிடும். ஒன்றரை வருடமாக நிற்காமல் ஓடுகிற சுவிட்ச் 'இப்போதுதான் ரீஸ்டார்ட் ஆனது' என்று பொய் எச்சரிக்கை தருவது இதனால்தான்.

யூபிஎஸ்ஸையும் கண்காணிப்பில் சேர்த்திருந்தால் கதை இன்னும் தெளிவாகும். முதலில் 'பற்றரிக்கு மாறியது', பிறகு பற்றரி குறைவு, அப்புறம் சுவிட்ச் விழுந்தது என்று வரிசையாக வரும். யூபிஎஸ் பற்றரிக்கு மாறிய அதே நிமிடத்தில் சுவிட்ச் விழுகிறதா? யாரோ அந்த சுவிட்சை யூபிஎஸ்ஸில் கொழுவாமல் சுவர்ப் பிளக்கில் கொழுவியிருக்கிறார்கள்.

இந்த வரிசை சரியாக இருக்க வேண்டுமென்றால் மணிக்கூடுகள் ஒத்துப்போக வேண்டும். எல்லாக் கருவிகளையும் நேரம் சொல்லிக்கொடுக்கிற ஒரே என்டிபி சேர்வரோடு இணைக்காமல் நிகழ்வுகளை வாசிப்பது வீண். ஒரு ரவுட்டர் உலகப் பொது நேரத்திலும் சேர்வர் இலங்கை நேரத்திலும் ஓடினால், காலை 10 மணிக்கு நடந்தது ரவுட்டர் லொக்கில் (நிகழ்வுப் பதிவில்) 4.30 என்று கிடக்கும். இலங்கை 1996இல் மணிக்கூட்டை முன்தள்ளி, 2006 ஏப்ரலில்தான் +5.30க்குத் திரும்பியது. அதற்கு முந்திய நேர வலயப் பட்டியலோடு யாராவது இன்னும் பழைய கருவி வைத்திருந்தால் அரை மணி நேரம் பிழைக்கும். கருவிகள் தங்கள் லொக்கைச் சேர்வருக்கு அனுப்புகிற சிஸ்லொக் முறையின் பழைய வடிவச் செய்தியில் வருடமும் இல்லை, நேர வலயமும் இல்லை. உள்ளே மணிக்கூட்டுப் பற்றரி இல்லாத சிறிய ரவுட்டர்கள் கரண்ட் வந்து எழும்பும்போது, என்டிபி கிடைக்கும்வரை ஏதோ ஒரு பழைய திகதியில் லொக் எழுதும். செய்தி வந்து சேர்ந்த நேரத்தையும் சேர்வர் தனியாகப் பதிந்துவைத்தால் இந்தச் சிக்கல் பாதி குறையும்.

'நிகழ்வுப் பட்டியலில் ஒன்றுமில்லை, ஆகவே ஒன்றும் நடக்கவில்லை' என்பது இன்னொரு பிழை. லிப்ரெஎன்எம்எஸ் வழமையாக 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் தகவல் எடுக்கும். இரண்டு நிமிடம் லைன் போய் வந்தால் இரு சோதனைகளுக்கு நடுவில் ஒளிந்துவிடும். கருவி தானாக அனுப்புகிற 'ட்ரப்' செய்தி இதைப் பிடிக்கும், ஆனால் அது யூடிபி என்ற, பெற்றதற்குப் பதில் கேட்காத முறையில் போகிறது, வந்து சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. அறுந்த லைனைப் பற்றிய ட்ரப் அந்த லைன் வழியாகவே வர வேண்டியிருந்தால் வராது. நாகியோஸில் ஒரு கருவி அடிக்கடி விழுந்து எழும்பினால் கடைசி 21 சோதனைகளைப் பார்த்து 'ஃப்ளப்பிங்' என்று குறித்து எச்சரிக்கையை நிறுத்திவைக்கும். ஊர்காவற்றுறைப் பக்கத்து வயர்லெஸ் இணைப்பு மழைக்கு ஆடும்போது போன் அமைதியாக இருக்கிறதே என்று சந்தோசப்படாதீர்கள்.

ஒரு செய்தி எவ்வளவு மோசமானது என்று சொல்கிற தீவிர எண்ணைத் தலைகீழாகப் பிடிப்பதும் நடக்கிறது. சிஸ்லொக்கில் 0தான் மிக மோசம், 7 வெறும் டிபக் (பிழை தேடும்போது மட்டும் உதவுகிற குறிப்பு). சாபிக்ஸில் 5தான் பேரழிவு, 0 வகைப்படுத்தாதது. இரண்டையும் ஒரே வடிகட்டியில் போட்டால் மோசமானது மறைந்து குப்பை மேலே வரும்.

பின்னேரம் ஐந்து மணிக்கு எல்லோரும் கணினியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக, சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டும் (கம்பி கொழுவுகிற வாய்) 'டவுன்' என்று எழுதும். அந்தக் கூட்டத்துக்குள் மெயின் லைன் போர்ட் விழுந்ததும் ஒரு வரிதான். மேசைக் கணினிப் போர்ட்டுகளுக்கு எச்சரிக்கையை நிறுத்திவிட்டு, சுவிட்சுகளை இணைக்கிற போர்ட்டுகளுக்கு மட்டும் வையுங்கள். 'பார்த்தாச்சு' என்று குறிக்கும்போது யார், ஏன் என்று ஒரு வரி எழுதாவிட்டால் அடுத்த ஷிப்ட்டில் வருபவருக்கு அது வெறும் மறைத்த சிவப்பு.

முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட மின்தடை நாளில் பராமரிப்பு நேரம் குறித்துவையுங்கள். சாபிக்ஸில் அதைக் குறிக்கும்போது தகவல் சேகரிப்போடு கூடிய தெரிவைத் தேருங்கள். மற்றத் தெரிவில் வரைபடத்தில் ஓட்டை விழும். கரண்ட் திரும்ப வந்தபோது என்ன முதலில் எழும்பியது, எது எழும்பவில்லை என்று பிறகு பார்க்க முடியாது.

எச்சரிக்கை எந்த வழியால் வருகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் அலுவலக இணையம் வழியாகவே போகிறதென்றால், இணையம் போன செய்தி இணையம் வந்த பிறகுதான் வந்து சேரும். சேர்வரோடு ஒரு ஜிஎஸ்எம் மொடத்தைக் கொழுவி எஸ்எம்எஸ் அனுப்ப வைக்கலாம். சேர்வரே விழுந்தால் அதுவும் பேசாது, ஆகவே வெளியில் இன்னொரு இடத்தில் இருந்து அந்தச் சேர்வரை மட்டும் பார்க்கிற சிறு சோதனை ஒன்று வேண்டும். அந்த மொடத்துச் சிம்முக்கு ரீலோட் போட்டிருக்கிறதா என்றும் மாதம் ஒருக்கால் பாருங்கள்.